மெல்லாமல் விழுங்கிய சோறு

என்னைப் பார்க்க வருகிறவர்கள் கதிரையில் உட்கார்ந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "அவ்வளவு உறைப்பா அது?" நெஞ்சைத் திறந்தார்களே, எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாயே, எப்படித் தாங்கினாய் என்றும் கேட்பதில்லை. கொச்சிக்காயின் உறைப்புத்தான் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். இனி வருகிறவர்களிடம் இந்தக் கொப்பியை நீட்டிவிடலாம்.

உறைப்புத்தான், ஓம். ஆனால் என்னைச் சாவு வரைக்கும் கொண்டுபோனது அது மட்டும் இல்லை.

நாங்கள் இருப்பது கற்பிட்டிக்குப் போகிற வழியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் உள்ள மணல் தரையில். என் கணவர் யூட் கடலுக்குப் போகிறவர். நான் கொச்சிக்காய் வாங்குகிறவள். மிளகாயைத்தான் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வோம். தோட்டம் தோட்டமாகப் போய், ஒரு மில்லுக்காக விலை பேசி வாங்குவது என் வேலை. சாக்கை அவிழ்த்ததும் கையை ஆழமாக விட்டு நடுவிலிருந்து ஒரு காயை எடுப்பேன். காம்புப் பக்கமாகக் கடித்து, விதையோடு மென்று, துப்பாமல் விழுங்குவேன். அதற்குப் பிறகுதான் விலை. மற்ற வியாபாரிகள் நிறம் பார்ப்பார்கள், உடைத்து முகர்வார்கள். கடித்து விலை சொல்கிறவள் நான் ஒருத்திதான். "ரெஜினா கடிச்சாச்சா?" என்று கேட்பது தோட்டக்காரர்களிடம் ஒரு பகிடியாகவே ஆகிவிட்டது. கண் கலங்காமல், தண்ணீர் கேட்காமல் நிற்பது எனக்குத் தொழில், அதோடு பெருமையும்கூட. அந்தப் பெருமைக்கு வாய்க்கொழுப்பு என்று பெயர் வைத்தாலும் தவறில்லை.

வீட்டில் எங்களோடு இருப்பவர் யூட்டின் அம்மா, திரேசம்மா மாமி. சிலாபத்துப் பக்கம் பிறந்தவர். தமிழைப் போலவே சிங்களமும் கதைப்பார். எனக்கும் அவருக்கும் பன்னிரண்டு வருடப் பழக்கம். சண்டை பிடித்ததும் இல்லை, கட்டிப்பிடித்ததும் இல்லை. நான் தோட்டத்திலிருந்து வந்தால் சோறு மூடியிருக்கும். அவருக்குக் கால் உளைந்தால் எண்ணெய் என் கையில் இருக்கும். அவ்வளவுதான் எங்கள் கொண்டாட்டம்.

ஊர்க் கோயில் திருவிழாவுக்கு யூட்டின் தம்பி டிலான் இத்தாலியில் இருந்து வந்திருந்தான். திருநாள் பூசை முடிந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தான். உள்ளே காய்ந்த கொச்சிக்காய் நாலு. எங்கள் காயைப் போல நீளம் இல்லை. சுருங்கி, முகம் சுழித்த மாதிரி, நுனியில் ஒரு கொடுக்கோடு இருந்தன.

"அண்ணி, உங்கட நாக்குக்கு ஒரு சோதனை கொண்டாந்திரிக்கன். உலகத்திலேயே இதவிட உறைப்பு ஒன்டோ ரெண்டோதான் இரிக்கும்."

பிறகு போனில் ஒவ்வொன்றாகக் காட்டினான். ஒருவன் இந்தக் காயைத் தின்றுவிட்டுப் பால் கேட்டு அழுகிறான். இன்னொருவன் புழு நெளிகிற பாற்கட்டியைப் பாணில் பூசிச் சாப்பிடுகிறான். எல்லோருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

"இதெல்லாம் என்ன," என்றார் யூட். "நஞ்சுப் பேத்தை மீனைக் கழுவித் தின்டுபோட்டு, உசிரோட இரிக்கனா என்டு தன்னையே கிள்ளிப் பாக்கிறவன் எங்கட மீன் வாடியில இரிக்கான்."

குசினி வாசலில் நின்ற மாமி சிரிக்கவில்லை. "பேத்தை தின்டு செத்தவன்ட வீட்டுக்குப் போய் நான் அழுதிரிக்கன். சாப்பாட்டில என்னத்துக்குடா வீரம்?"

அந்த வார்த்தையை அப்போதே கேட்டிருந்தால் இந்தக் கொப்பிக்கு வேலை இருந்திருக்காது.

விதியை டிலான் சொன்னான்: துப்பினால் தோல்வி, தண்ணீர் குடித்தால் தோல்வி, வாந்தி எடுத்தால் பெரிய தோல்வி. யூட் ஒரு துண்டைக் கடித்தார், உடனே முற்றத்துக்கு ஓடித் துப்பினார். டிலான் பாதி தின்றுவிட்டு முகம் சிவந்து கைகளை உதறினான். நான் ஒன்றை முழுதாக மென்று விழுங்கினேன். பிறகு, யாரும் கேட்காமலே, இரண்டாவதையும் எடுத்தேன்.

கேட்கிறீர்களே, எவ்வளவு உறைப்பு என்று. முதலில் ஒன்றுமே இல்லை. காய்ந்த பழத்தின் இனிப்பு. நான் சிரித்தேன்கூட. அதற்குப் பிறகு நாக்கு என்னுடையதாக இல்லை. காது அடைத்தது. மூக்கும் கண்ணும் தாமாக ஒழுகின. வயிறு ஈரத் துணியை முறுக்குவது போல முறுக்கத் தொடங்கியது. வீடியோ எடுத்துக்கொண்டிருந்த டிலானின் போன் இன்னும் என் முகத்துக்கு நேரே இருந்தது. வாந்தி மேலே வந்தபோது இரண்டு கையாலும் வாயைப் பொத்தி, பல்லைக் கடித்து, உள்ளே தள்ளினேன். மறுபடி வந்தது. மறுபடி பொத்தினேன். மூன்றாவது தடவை பொத்தியபோது நெஞ்சுக்கு உள்ளே, கீழே, இடப்பக்கமாக ஏதோ கிழிந்தது. சத்தம் கேட்கவில்லை. ஆனாலும் அது கிழிசல் என்று எனக்குத் தெரிந்தது.

"அண்ணி வின்!" என்று டிலான் கத்தினான். நானும் பெருவிரலை உயர்த்திக் காட்டினேன். மாலைச் சுற்றுப்பவனிக்குச் சொரூப வண்டி சோடிக்க வேண்டும் என்று ஆண்கள் இருவரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் படலையைத் தாண்டும்வரை நிமிர்ந்து நின்றேன். பிறகு குசினிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். வாந்தி வந்தது, அதில் இரத்தக் கோடும் இருந்தது. வாந்தி நின்றபிறகும் நோவு நிற்கவில்லை. நெஞ்சிலிருந்து முதுகுக்கு ஒரு கம்பியை விட்டு இழுத்தது போல இருந்தது.

மாமிதான் வந்தார். "எங்க நோகுது?"

நெஞ்சைக் காட்டினேன்.

"முள்ளுச் சிக்கின மாதிரியா?"

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தலையை ஆட்டினேன்.

"அந்தக் காயின்ட தோல் ஒட்டிட்டுது. கடதாசி மாதிரித் தோல் அது. இரி, வாறன்."

எங்கள் வீடுகளில் மீன் இல்லாத நாள் குறைவு. அதனால் தொண்டையில் முள் சிக்காத ஆளும் இல்லை. அதற்கு ஒரே வைத்தியம்தான். சோற்றை இறுக்கி உருட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். உருண்டை போகிறபோது முள்ளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். தொண்டைக்குக் காவலான புனிதரை, எங்கள் அர்ச்சியசிஷ்டவரை, நினைத்து ஒரு சின்னச் செபமும் சொல்லுவோம். பால்குடி மறந்த பிள்ளைகூட எங்கள் ஊரில் இதைச் செய்யும்.

மாமி சிவப்பரிசிச் சோற்றில் எலுமிச்சங்காய் அளவு உருண்டை பிடித்து வந்தார். செபத்தைச் சொல்லி என் வாயில் வைத்தார். "மெல்லாத பிள்ள. அப்பிடியே முழுங்கு."

விழுங்கினேன். அது இறங்கிய வழியை இப்போதும் என் விரலால் காட்ட முடியும். மாமி என் முகத்தைப் பார்த்துப் பயந்து, முச்சக்கர வண்டி பிடிக்க ரோட்டுக்கு ஓடினார்.

அவர் போன பிறகு ஒரு சின்னக் காரியம் நடந்தது. அதை இந்த இடத்தில் எழுதப் பேனை வரவில்லை. அதற்கும் ஒரு இடம் வரும்.

வண்டி நவ்பர் நானாவுடையது. அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார்; என் கொச்சிக்காய்ச் சாக்குகளையும் அவர்தான் ஏற்றுவார். "என்னா தங்கச்சி இது, மொகமெல்லாம் வெளுத்துப் போயிரிக்கி" என்றவர் பிறகு வாயே திறக்கவில்லை. பள்ளம் வந்தால் மட்டும் "யா அல்லாஹ்" என்று மெதுவாகச் சொல்லி வண்டியைத் தூக்கி எடுப்பது போல ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் முதலில் இருதயம் பார்த்தார்கள். நெஞ்சில் ஒட்டிய வயர்களில் இருந்து கோடு கோடாக ஒரு தாள் வந்தது. இருதயத்தில் பிழை இல்லை. அந்த இளம் டொக்டர் அதோடு விடாமல் என் கழுத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். காய்ந்த வெங்காயச் சருகை நசுக்குவது போல ஒரு சத்தம், என் தோலுக்கு உள்ளே இருந்து கேட்டது. மாமிக்கும் கேட்டது. டொக்டரின் முகம் மாறியது. எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது நுரையீரலைச் சுற்றிக் காற்றும் நீரும் நின்றன. உடனே கொழும்புக்கு என்றார்கள்.

கோயிலில் இருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்திருந்த யூட், அம்புலன்சில் என் கையைப் பிடித்திருந்தார். அவர் கையில் சொரூப வண்டிக்கு ஒட்டிய பசை காய்ந்துபோய் இருந்தது. புத்தளத்து உப்பளங்கள் சன்னலில் வெள்ளையாக ஓடின. செத்துவிடுவேன் என்று முதன்முதலாக அங்கேதான் நினைத்தேன். கொச்சிக்காய் தின்று செத்தாள் என்று கல்லறையில் எழுதுவார்களோ என்று ஒரு யோசனையும் வந்தது. வெட்கம் சாவைவிடப் பெரிதாகத் தெரிந்த நேரம் அது.

கொழும்பில் எனக்குப் பொறுப்பாக இருந்த டொக்டர் ஒரு சிங்களப் பெண். மெலிந்தவர், வேகமாக நடப்பவர். மருந்து நீர் ஒன்றை ஒரு வாய் குடிக்கவைத்து, குழாய் போன்ற இயந்திரத்துக்குள் தள்ளிப் படம் எடுத்தார்கள். பிறகு கட்டிலருகே நின்று எனக்கு விளங்கும்படி சொன்னார். தொண்டையிலிருந்து வயிற்றுக்குப் போகிற உணவுக் குழாய் கிழிந்திருக்கிறது. வாந்தி வெளியே வரப் பார்க்கிறது, நான் வாயை அடைக்கிறேன். உள்ளே இருந்த அமுக்கம் போக வழியில்லாமல் குழாயைக் கிழித்துவிட்டது. "உங்கள் ஊரில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பீர்கள்தானே? மோட்டர் ஓடும்போது குழாயின் வாயைக் கையால் பொத்தினால் என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை தோட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கேள்வியைத்தான் நான் மறக்க மாட்டேன். "வாந்திக்குப் பிறகு ஏதாவது சாப்பிட்டீர்களா? குடித்தீர்களா? சரியாக யோசித்துச் சொல்லுங்கள்."

மாமி கட்டிலின் கால்மாட்டில் நின்றார். செபமாலை அவர் விரலில் நின்றுவிட்டது. யூட் என்னைப் பார்த்தார். நான் ஓம் என்றால் எல்லாக் கண்ணும் மாமியிடம் திரும்பும். அதை நினைத்துத்தான் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே கதை விட்டேன்.

"இல்ல டொக்டர். தண்ணியும் இல்ல."

அவர் எழுதிக்கொண்டார். கிழிசல் சிறியது, உள்ளே உணவு போகவில்லை என்றால் வெட்டாமலே பார்க்கலாம் என்றார். விலாவில் துளையிட்டு ஒரு குழாய் வைத்தார்கள். உள்ளே சேர்ந்த நீர் அதன் வழியாகக் கட்டிலுக்குக் கீழே ஒரு போத்தலில் இறங்கியது. மருந்தும் சத்தும் நரம்பு வழியாக. தலைமாட்டில் ஒரு அட்டை தொங்கியது: வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது. மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. என் வாழ்நாளில் மூன்று மொழியிலும் எனக்கு வாய் அடைத்தது அன்றைக்குத்தான்.

முதல் நாள் பரவாயில்லை. இரண்டாம் நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கவே இல்லை. உடம்பு நடுங்கிக் கட்டில் சத்தம் போட்டது. மருந்தை மாற்றினார்கள். இரத்தம் எடுத்தார்கள். மூச்சு இழுக்கும்போது இடப்பக்கம் எழும்பவில்லை. டொக்டர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார், போனார். ஏன் கூடுகிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சொல்லவில்லை. ஒருமுறை பொய் சொன்ன வாய்க்கு உண்மை சொல்ல வெட்கம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறந்தும் கெட்டேன், மூடியும் கெட்டேன்.

அன்று மத்தியானம் நோயாளர் பார்வை நேரத்தில் மாமி வந்தார். என் காலைத் தடவிவிட்டு, குனிந்து, போத்தலைப் பார்த்தார். நெடுநேரம் குனிந்தபடியே இருந்தார். கலங்கிய நீருக்குள் ஊதிப்போன ஒரு பருக்கை கிடந்தது. மற்ற யாராவது பார்த்திருந்தால் சதைத் துணுக்கு என்று நினைத்திருப்பார்கள். அதன் ஓரத்தில் சிவப்புத் தவிடு இருந்தது. அந்தச் சோற்றை வடித்த கைக்கு அது தெரியாதா?

மாமி நிமிர்ந்தார். தாதியைக் கூப்பிடவில்லை. நேரே வார்டின் அந்தத் தலைக்குப் போய், வேறொரு நோயாளியோடு நின்ற டொக்டரின் முன்னால் போய் நின்றார். வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னார்.

"மமய் துன்னே, டொக்டர் நோனா." நான்தான் குடுத்தேன்.

வாந்திக்குப் பிறகு சோற்று உருண்டை விழுங்கக் கொடுத்ததை, முள்ளுக்குச் செய்கிற வைத்தியத்தை, மருமகள் தன்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னாள் என்பதை, எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னார். எத்தனை உருண்டை என்று டொக்டர் கேட்டார். மாமி இரண்டு விரலை உயர்த்தினார்.

"தெகய்."

இரண்டு.

இப்போது அந்த இடம் வந்துவிட்டது. மாமி கொடுத்தது ஒன்று. அவர் ரோட்டுக்கு ஓடிய பிறகு, முதல் உருண்டை நெஞ்சில் நின்றுவிட்டதாக எனக்குப் பட்டது. அதைத் தள்ள இன்னொன்று போதும் என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் போய், சட்டியைத் திறந்து, நானே ஒன்றை உருட்டி விழுங்கினேன். அது வயிற்றுக்குப் போகவில்லை. விலாவுக்குள் எங்கேயோ சூடாகப் பரவியது. இது பிழை என்று அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்தது. இரண்டு முழுக் கொச்சிக்காய் தின்ற வீராப்புக்காரி, முள் சிக்கிய பிள்ளையைப் போலத் திருட்டுத்தனமாகச் சோறு விழுங்கினாள் என்று யாரிடம் சொல்வது?

மாமி பதற்றத்தில் எண்ணிக்கையை மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். திருத்தியிருக்கலாம். காய்ச்சல் இருந்தது உண்மை. ஆனால் வாய் திறக்க முடியாத அளவு காய்ச்சல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

டொக்டர் ஏசவில்லை. "இதை முதல் நாளே..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு மாமியின் தோளில் கை வைத்து, "இப்போதாவது சொன்னீர்களே, அது போதும்" என்றார். அன்று பின்னேரமே என்னைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள்.

அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. இடது விலாவைத் திறந்து, உள்ளே அழுகிக் கிடந்ததைக் கழுவி, கிழிசலைத் தைத்து, சிறுகுடலுக்குள் ஒரு மெல்லிய குழாய் வைத்தார்கள். அதன் வழியாகத்தான் பிறகு எனக்குச் சாப்பாடு: பால் போன்ற ஒரு திரவம், துளித் துளியாக. உள்ளே போனபோது பிழைப்பேன் என்று யாரும் உறுதி சொல்லவில்லையாம். யூட் வெளியே வாங்கில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாராம். டிலான் அந்த வீடியோவை அழித்துவிட்டு மூலையில் இருந்து அழுதானாம். கண் விழித்தபோது மூக்கில், கழுத்தில், விலாவில், வயிற்றில் எங்கும் குழாய். உயிரோடு இருக்கிறேன் என்பதை நோவுதான் சொன்னது.

பிறகு வந்தது தாகம். நோவைக்கூட மறந்துவிடலாம், தாகத்தை மறக்க முடியாது. குழாயில் நீர் போகிறது, உடம்புக்குக் குறைவில்லை. ஆனால் வாய்க்கு அந்தக் கணக்குத் தெரியாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தாதி ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைப்பார். பஞ்சைக் கடித்துவிடுவேனோ என்று என்னையே நான் நம்பவில்லை. பக்கத்துக் கட்டில் அக்காவுக்குப் பருப்பும் சோறும் வரும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன். அதைப் பார்த்த அவர், மறுநாளிலிருந்து தட்டைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் போய்ச் சாப்பிட்டார். பெயரைக் கேட்டு வைக்காமல் விட்டது எனக்கு இன்றும் குறை.

நவ்பர் நானா இரண்டு தடவை பஸ் ஏறிக் கொழும்புக்கு வந்தார். ஒரு தடவை, மக்கா போன உறவினர் கொண்டுவந்த சம்சம் தண்ணீரைச் சின்னப் போத்தலில் கொண்டுவந்தார். அட்டையைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் யோசித்தார். "குடிக்க ஏலாட்டிப் பரவால்ல. நெத்தியில தடவுங்க. அதுவும் போய்ச் சேரும்." யூட் அதைத் தொட்டு என் நெற்றியில் சிலுவை போட்டார். நானா ஆமீன் என்றார். அன்று காய்ச்சல் இறங்கியது. மருந்தால்தான் இறங்கியிருக்கும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

மாமி கொழும்பில் உறவுக்காரர் வீட்டில் தங்கித் தினமும் வந்தார். ஆனால் கட்டிலுக்குக் கிட்ட வரவில்லை. உதட்டுக்குப் பஞ்சு வைக்கும்படி தாதி சொன்னபோது, "எனக்கு வேணாம், மகன் செய்யட்டும்" என்று கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார். சோற்றைத் தொடுவதில்லை, பாண்தான் தின்கிறார் என்று யூட் சொன்னார். உறவுக்காரர் வந்து போனபோதெல்லாம் நடைபாதையில் அவர்கள் கதைப்பது எனக்குக் கேட்கும். "பழைய வைத்தியம் பாத்து மருமகளக் கொல்லப் பாத்தா." "ஒன்டில்லயாம், ரெண்டு குடுத்தவவாம்." கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். என் நெஞ்சைக் கழுவி எடுத்த டொக்டர்களின் கண்ணிலும் இந்த அழுக்குப் படவில்லை.

ஒரு மாதம் கழிந்து, விழுங்கும் சோதனை. எக்ஸ்ரேக்கு முன்னால் நிறுத்தி, சுண்ணாம்பு போன்ற நீரை ஒரு வாய் தந்தார்கள். டொக்டர் திரையைப் பார்த்தார். நான் டொக்டரின் முகத்தைப் பார்த்தேன். கறுப்புக் கோடு ஒன்று வளையாமல், கசியாமல், நேரே வயிற்றுக்கு இறங்கியதாம். "போகலாம்" என்றார். வீட்டுக்கா, சோற்றுக்கா என்று விளங்காமலே அழுதேன். தண்ணீர், பிறகு கஞ்சி, பிறகு குழைந்த சோறு; படிப்படியாக, மென்று, கொஞ்சம் கொஞ்சமாக. கொச்சிக்காய் மட்டும் இந்தப் பிறப்பில் வேண்டாம் என்றார். மில்லுக்காக இப்போது எனக்குப் பதிலாக வேறு ஒருவர் தோட்டங்களுக்குப் போகிறார். அவர் கடிப்பதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் மாமி மாறவில்லை. கஞ்சியை ஸ்டூலில் வைத்துவிட்டு, நான் கோப்பையை எடுக்கும் முன்னே குசினிக்குள் போய்விடுவார். யாருக்கும் கையால் சோறு போடுவதில்லை, எல்லாவற்றுக்கும் அகப்பைதான்.

போன ஞாயிறு பூசைக்குப் பிறகு யூட்டின் பெரியம்மா என்னைப் பார்க்க வந்தார். உறைப்பைக் கேட்டார், சொன்னேன். பிறகு குசினிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தாமலே தொடங்கினார்: "திரேசம்மாவுக்குப் புத்தி எங்க போனது? ஒரு உருண்டை குடுத்தா சரி, ரெண்டாவதையும் தள்ளி..."

"ரெண்டாவது நான் எடுத்தது, பெரியம்மா."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. யூட் போனிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"மாமி தந்தது ஒன்டுதான். அவ வாகனம் பாக்கப் போன நேரம் நானே சட்டியத் திறந்து உருட்டி முழுங்கினன். டொக்டர்ட்டப் பொய் சொன்னதும் நான்தான். மாமி வாய் திறந்திரிக்காட்டி நான் அந்தக் கட்டில்லயே செத்திரிப்பன்."

பெரியம்மாவுக்குத் தேத்தண்ணீர் ஆறிப்போனது. கொஞ்ச நேரத்தில் வேறு எங்கோ போக இருப்பதாகச் சொல்லி எழுந்து போனார். யூட் முற்றத்துக்கு இறங்கினார். அவருக்கு அழுகை வந்தால் முற்றம்தான்.

நான் குசினிக்குப் போனேன். மாமி சட்டியைக் கழுவிக்கொண்டு நின்றார், திரும்பவில்லை.

"மாமி, ஒன்டக் குடுத்திட்டு ஏன் ரெண்டு என்டு சொன்னீங்க? பதட்டத்திலயா?"

"பதட்டம் என்ன. வாகனத்தோட திரும்பி வரக்குள்ள சட்டி மூடி கீழ கிடந்திச்சி. சோத்தில ரெண்டு குழி. ஒன்டு என்ட கைக்குழி. மற்றது சின்னக் கை."

அத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. கொழும்பில், நடைபாதையில், அந்தப் பேச்செல்லாம் கேட்டபோதும் தெரிந்திருக்கிறது.

"தெரிஞ்சும் ஏன் மாமி..."

"நெஞ்சக் கிழிக்கப் போறாங்க உனக்கு. அதுக்கு முன்னால ஏச்சும் வாங்கோணுமா நீ?" சட்டியைக் கவிழ்த்து வைத்தார். "முதலாவதக் குடுத்தது நான்தானே. அதப் பாத்துத்தானே நீ ரெண்டாவத எடுத்த."

குழையவைத்த சோறு அடுப்பருகே மூடியிருந்தது. அதை எடுத்து அவர் முன்னால் வைத்து, கீழே பலகையில் உட்கார்ந்தேன்.

"பசிக்குது. ஊட்டிவிடுங்க."

"கரண்டி இரிக்கு, எடுத்துத் தின்னு."

"கையால."

மாமி கையை மூன்று தரம் கழுவினார். சோற்றைப் பிசைந்தார், பிசைந்ததை மறுபடி பிசைந்தார். புளியங்கொட்டை அளவில் ஒரு துளி எடுத்து என் உதட்டுக்குக் கொண்டுவந்தார். செபத்தைச் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

"மெல்லு பிள்ள," என்றார். "நல்லா மென்டு முழுங்கு."

மென்றேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார், அது இறங்கும்வரை.